முழங்கால் தொடர்பான கோப்பு

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் அபராதம் கட்டியதில்லை. நூலகத்தில் எடுத்த புத்தகத்தைக்கூடக் கெடுவுக்கு ஒரு நாள் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுகிற வம்சம் இது. நான் முப்பத்து நான்கு வருடம் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன். இல்லாவிட்டால் சிவப்பு மையில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதி ஒட்டிவிட்டு வருவேன். முத்திரையின் மதிப்பு தெரிந்தவன். அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

விஷயம் என் வலது முழங்காலில் தொடங்கியது. ஒரு மதியம் கணினியில் ‘முழங்கால் வலி பயிற்சி’ என்று தட்டி, மூன்றாவதாக வந்த பக்கத்தைத் திறந்தேன். ஒரு பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக் காட்டினார். இரண்டாம் பயிற்சிக்குப் போக அம்புக்குறியை அழுத்தினேன். திரை முழுதும் சிவந்தது.

“மின்வழிக் குற்றக் கண்காணிப்பு அலுவலகம். இந்த உலாவி பூட்டப்பட்டது. தாங்கள் ஆபாசப் படங்கள் பார்த்தது பதிவாகியுள்ளது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அபராதம் செலுத்தத் தவறினால் கைது செய்யப்படுவீர்கள். இந்தப் பக்கத்தை மூட முயல்வது தனிக் குற்றம்.” கீழே ஒரு தொலைபேசி எண். அதற்கும் கீழே ஒரு கடிகாரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டிருந்தது. மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன். “வெளியேற விரும்புகிறீர்களா?” என்று கேட்டது. ஆம் என்றேன். மறுபடி கேட்டது. ஏழு முறை ஆம் என்றேன். நான் விரும்பியதை அது பொருட்படுத்தவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே வட்டமான முத்திரை. நடுவில் ஒரு தராசு. தட்டுகள் காலியாக இருந்தும் முள் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணில் பட்டது, ஆனால் முத்திரையைச் சந்தேகப்பட எனக்குப் பழக்கமில்லை.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு?” என்று மனைவி வந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“என்னத்தப் பார்த்தீங்க?”

“முழங்கால்.”

“யாரோட முழங்கால்?”

“யாரோ ஒரு அம்மா, பேரு எனக்கு எப்படித் தெரியும்? வலி உள்ள முழங்கால்.”

“வலிக்குதுன்னு அந்தம்மா உங்ககிட்ட சொன்னாங்களாக்கும்?”

நாற்பத்தொரு வருடமாக அவளுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான். மறுபடியும் பெருக்கல் குறியை அழுத்தினேன்.

“மருமக வேலை முடிஞ்சு வரட்டும். அவளுக்குத் தெரியும், கேட்டுக்கலாம்” என்றாள்.

“மருமகள்கிட்ட போய் இதைச் சொல்லச் சொல்றியா? இந்த வீட்ல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.”

“இருந்துச்சு.”

கணினி மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். மகன் வெளியூரில். இருவரிடமும் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் என்ன கேட்பது? ‘ஆபாசப் படம் பார்த்ததாக ஒரு ஓலை வந்திருக்கிறது, கொஞ்சம் பார்’ என்றா? அந்தத் திரையைச் செய்தவனுக்குக் கணினி தெரியுமோ தெரியாதோ, என்னைத் தெரியும். நான் வெட்கப்படுவேன், வெட்கப்பட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

அவனுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. நான் அபராதம் கட்டும் சாதி அல்ல. விளக்கம் எழுதும் சாதி.

தொலைபேசிப் புத்தகத்தில் தேடினேன். அந்தப் பெயரில் நிஜமாகவே ஓர் அலுவலகம் ஊரில் இருந்தது. உட்கார்ந்து, திரையில் கண்டதை வரி பிசகாமல் மேலே எடுத்தெழுதி, மூன்று பிரதிகளாக விளக்கக் கடிதம் எழுதினேன். ‘மேற்படி அறிவிப்பில் கண்ட குற்றச்சாட்டை மறுக்கிறேன். நான் பார்த்தவை முழங்கால்கள் மட்டுமே. எண்ணிக்கை: இரண்டு. இடது ஒன்று, வலது ஒன்று. நோக்கம்: மருத்துவம். மேலும், தங்கள் முத்திரையில் தராசின் முள் நேராக இல்லை என்பதையும் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.’ கையெழுத்திட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பிறகு குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை அணிந்து, பையில் பல்துலக்கியும் முழங்கால் தைலமும் எடுத்து வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் அமர்ந்தேன். கைதாகிறவன் கசங்கிய சட்டையோடு போகக் கூடாது. பன்னிரண்டு மணி நேரமும் கடந்தது. ஒருவரும் வரவில்லை. அரசாங்கம் என்றால் தாமதமாகும்தான் என்று காத்திருந்தேன்.

காலையில், இரவுப் பணி முடிந்து வந்த மருமகள் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள்.

“மாமா, இது போலி” என்றாள், பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற குரலில். “இது வெறும் வெப் பக்கம். பூட்டோட படம்தான் இருக்கு, பூட்டு இல்லை. எந்த அலுவலகமும் பிரவுசரைப் பூட்டி வெச்சுக் காசு கேக்காது. இங்க பாருங்க. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட், மூணையும் சேர்த்து அழுத்துங்க. அதுல டாஸ்க் மேனேஜர். வர்ற லிஸ்ட்ல பிரவுசரைக் காட்டி நிறுத்துங்க. திரும்பத் திறக்கறப்போ பழைய பக்கம் வேணுமான்னு கேக்கும். வேண்டாம்னுடுங்க. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்.

“அந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்களா?”

“இல்லை.”

“காசு?”

“நம்ம குடும்பத்துல...”

“தெரியும் மாமா. இந்தத் தடவை அந்தப் பிடிவாதம் நல்லதாப் போச்சு. கூப்பிட்டிருந்தா இனிக்க இனிக்கப் பேசி, கார்டு நம்பரையும் வாங்கி, கம்ப்யூட்டருக்குள்ளயும் புகுந்திருப்பாங்க. அப்போ நீங்க ஒண்ணுமே பண்ணலை, இல்ல?”

“ஒரு கடிதம் எழுதினேன்.”

மருமகள் மெல்ல உட்கார்ந்தாள். “யாருக்கு?”

ஒன்பதாம் நாள் அழைப்பாணை வந்தது. ‘இது கிடைத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நேரில் ஆஜராகத் தவறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும். ஆணைப்படி.’ யாருடைய ஆணை என்று இல்லை. படித்ததும் பல்துலக்கியை மறுபடி பையில் எடுத்து வைத்தேன். திரை வந்த அன்றும் அதைத்தான் எடுத்து வைத்தேன்.

அலுவலகம் நான்கு மாடிக் கட்டடம். மின்தூக்கியில் ‘பழுது’ என்று எழுதிய அட்டை நன்றாகப் பழுப்பேறியிருந்தது. மூன்றாம் மாடியில் முழங்காலோடு போய்ச் சேர்ந்தேன். சுவரில் பெரிய சுவரொட்டி: ‘மோசடி அறிவிப்பின் நான்கு அடையாளங்கள். ஒன்று, அவசரப்படுத்தும். இரண்டு, மிரட்டும். மூன்று, அனுப்பியவர் பெயர் இருக்காது. நான்கு, பணம் கேட்கும்.’ என் கையிலிருந்த அழைப்பாணையைப் பார்த்தேன். மூன்று பொருந்தியது. ஒன்று குறைகிறதே என்று நினைக்கும்போதே எழுத்தர் கூப்பிட்டு, கோப்புக் கட்டணத்துக்கு வரிசை அடுத்த அறையில் என்றார்.

“ஐயா, உங்க பதில் வந்து சேர்ந்துடுச்சு. நாங்க அனுப்பின நோட்டீஸைத்தான் காணோம்.”

“நீங்க அனுப்பவே இல்லை. அது போலி.”

“பதில் போலியா?”

“பதில் நிஜம். நான் எழுதினது.”

“பாருங்க.” அவர் ஒரு தடித்த பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “இடப்பக்கம் நோட்டீஸ். வலப்பக்கம் பதில். வலப்பக்கம் நிரம்பிடுச்சு. இடப்பக்கத்தை வெறுமனே விட்டா தணிக்கைல என்னைத்தான் கேப்பாங்க. அதான் உங்க பதிலை வெச்சு நோட்டீஸைத் திரும்பத் தயார் பண்ணிட்டோம். இந்தாங்க, வாங்கிக்கிட்டு ஒரு கையெழுத்து.”

வாங்கிப் பார்த்தேன். ஆபாசப் படம், பன்னிரண்டு மணி நேரம், கைது, அபராதம். திருடன் திரையில் எழுதியதையெல்லாம் அரசாங்கம் காகிதத்தில் எழுதி, உண்மையான முத்திரையும் வைத்துவிட்டது. முத்திரையை உற்றுப் பார்த்தேன். நடுவில் தராசு. தட்டுகள் காலி. முள் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“முள்ளு சாஞ்சிருக்கே.”

“எங்க முத்திரையே அப்படித்தான் ஐயா. ஆரம்பத்துல வரைஞ்சவர் சாய்ச்சு வரைஞ்சுட்டார். திருடன் எங்களைப் பார்த்துத்தான் காப்பி அடிச்சிருக்கான்” என்றார் எழுத்தர், சற்றுப் பெருமையாகவே.

கண்காணிப்பாளரின் அறைக்கு அனுப்பப்பட்டேன். அவருடைய தலை மேசையைவிடப் பளபளப்பாக இருந்தது. வருகிற எல்லாருக்கும் முதலில் இருபது நிமிட விழிப்புணர்வு உரை ஆற்றுவது அவருடைய பணி. எதிரில் இருப்பவன் ஒருவனே என்றாலும் எழுந்து நின்றே பேசினார்.

“மக்கள் ஏன் ஏமாறுறாங்க? பயம்! ஒரு முத்திரையைப் பார்த்தா, நாலு பிரிவு எண்ணைப் பார்த்தா, ஏன்னு கேக்கற தைரியம் போயிடுது. அந்தப் பயத்தை யார் உண்டாக்கினது? ஒவ்வொரு செங்கல்லா வெச்சு, நாங்க உண்டாக்கினது! முப்பது வருஷ உழைப்பு சார். அதை எவனோ ஒருத்தன் ஒரு பைசா செலவில்லாம எடுத்துப் பயன்படுத்துறான். வயிறு எரியுதா இல்லையா?”

எரிகிறது என்றேன்.

“கேள்வி கேக்கணும். யார் நீ, எந்த அதிகாரத்துல கேக்கறேன்னு கேக்கணும்.”

“அப்ப நான் கேக்கறேன். இந்த நோட்டீஸை எந்த அதிகாரத்துல...”

“இங்க கேக்கக் கூடாது” என்று உட்கார்ந்தார். “நீங்க முழங்கால் பார்த்தது உண்மை. எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கீங்க. எண்ணிக்கையோட. முழங்காலுக்கு மேலயா, கீழயா?”

“முழங்கால்லயே.”

“முழங்கால் ஆபாசமா இல்லையான்னு நான் தனியாச் சொல்ல முடியாது. அதுக்குக் குழு இருக்கு.”

குழுவில் ஐவர். அவர்கள் அந்தப் பயிற்சிப் பக்கத்தை வரவழைத்து, வண்ணத்தில் அச்சிட்டு, ‘ரகசியம்’ என்று உறையிட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்று கேட்டேன். குற்றம் சாட்டப்பட்டவர் மறுபடி பார்த்தால் இரண்டாவது குற்றமாகிவிடும் என்று மறுத்துவிட்டார்கள். பதினெட்டு நாள் கழித்து அறிக்கை வந்தது: ‘முழங்கால் தனித்த நிலையில் ஆபாசமன்று. எனினும் அது பார்ப்பவரின் நோக்கத்தைப் பொறுத்தது. நோக்கத்தை அளக்க இவ்வலுவலகத்தில் கருவி இல்லை.’ என் பணிக்காலத்தில் இவ்வளவு நேர்மையான அளவுச் சான்றிதழை நான் படித்ததில்லை. குழுவில் மூவருக்கு முழங்கால் வலி குணமாகிவிட்டது என்று எழுத்தர் சொன்னார்.

“முடிச்சுடலாம் சார்” என்றார் கண்காணிப்பாளர். ஒரு படிவத்தை நீட்டினார். ‘தவறுதலாகப் பார்த்துவிட்டேன். இனிப் பார்க்க மாட்டேன். அபராதம் செலுத்த ஒப்புகிறேன்.’ அடியில் கோடு. “ஒரு கையெழுத்து. கோப்பு மூடிடும். வெளியில யாருக்கும் தெரியாது. இதுவரைக்கும் வந்தவங்க அத்தனை பேரும் போட்டுட்டாங்க. எங்க அலுவலகத்துல நூத்துக்கு நூறு தீர்வு. உங்களால அது தொண்ணூத்தொன்பதாயிடும். பெரிய மனுஷன் செய்யற காரியமா இது?”

யோசித்துச் சொல்கிறேன் என்று படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உண்மையைச் சொல்கிறேன்: பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். மாடி ஏறி ஏறி முழங்கால் வீங்கியிருந்தது. யாருக்கும் தெரியாது என்ற வார்த்தை வெல்லம்போல் நாவில் நின்றது. மனைவி படிவத்தை வாங்கிப் படித்தாள்.

“இதுல கையெழுத்துப் போட்டா, நீங்க பார்த்தீங்கன்னு ஆகும்.”

“கோப்பு மூடிடும்.”

“மூடின கோப்புக்குள்ள உங்க பேர் அப்படியேதானே கெடக்கும்? நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைங்க யாராவது அந்தக் கட்டடத்துல வேலைக்குச் சேர்ந்து அலமாரியைத் தொடைச்சா, தாத்தாவோட முழங்கால் வெளியில வந்து விழும். போட்டுட்டு வந்தீங்கன்னா நான் கதவைத் திறக்க மாட்டேன்.”

பேனாவை மூடினேன்.

அடுத்த விசாரணைக்கு மருமகள் அரை நாள் விடுப்பெடுத்துக்கொண்டு கூட வந்தாள். கண்காணிப்பாளர் கணினியில் எதையோ தேடிக்கொண்டே எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று அபாயச் சங்குபோல் ஓர் ஓசை. அவருடைய முகமும் பின்னாலிருந்த சுவரும் சிவந்தன. “உங்கள் உலாவி பூட்டப்பட்டது” என்று ஒரு பெண்குரல் அறை முழுக்க ஒலித்தது.

கண்காணிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். முத்திரையைக் கண்டால் எழுந்து நிற்பது முப்பது வருடப் பழக்கம். சத்தம் கேட்டு எழுத்தர் பதிவேட்டோடு ஓடி வந்தார்.

“ஐயா, இதையும் பதிவேட்டுல ஏத்தி வரவு எண் போட்டுடவா?”

“போடாதே! நான் ஒண்ணும் பார்க்கலை... வழுக்கைக்கு எண்ணெய்தான் தேடினேன்...” அவருடைய தலையில் வியர்வை உருண்டது. “மேலிடத்துலேருந்து நேரடியா வந்திருக்கு. நம்ம முத்திரையேதான். பன்னிரண்டு மணி நேரம்னு போட்டிருக்கான். எல்லாரும் வெளியில போங்க!”

எழுத்தர் போனார். என் முழங்கால் எழுந்திருக்க ஒப்பவில்லை. மருமகள் என்னை விட்டு நகரவில்லை. கண்காணிப்பாளர் எங்களை மறந்து, திரையில் இருந்த எண்ணைத் தொலைபேசியில் அழுத்தி, சட்டைப்பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்தார்.

“ஐயா” என்றேன். “நாலு அடையாளம்.”

“என்ன?”

“வெளியில சுவர்ல நீங்க ஒட்டியிருக்கீங்க. அவசரப்படுத்துது. மிரட்டுது. அனுப்பினவன் பேர் இல்லை. காசு கேக்குது.”

“பெரியவரே, அது பொதுமக்களுக்கு!”

தொலைபேசிக்குள் யாரோ மிக மரியாதையாகப் பேசுவது எனக்கும் கேட்டது. அந்த அலுவலகத்தில் அவ்வளவு மரியாதையை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கண்காணிப்பாளர் அட்டையைப் புரட்டி முதல் நான்கு இலக்கங்களைப் படித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முழங்கால் சடக்கென்றது. தொலைபேசியை வாங்கிக் கீழே வைத்தேன். மூன்று பொத்தான்களை ஒன்றாக அழுத்தி, மருமகள் காட்டித் தந்த வழியில் போய்ப் பிரவுசரை நிறுத்தினேன். சங்கு நின்றது. மறுபடி திறந்தேன். பழைய பக்கம் வேண்டுமா என்றது. வேண்டாம் என்றேன்.

கண்காணிப்பாளர் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். படிச்ச நாலு நம்பரோட நிறுத்திட்டீங்க. இருந்தாலும் பாங்குக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்” என்றாள் மருமகள்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். என் கோப்பை எடுத்தார். குரல் இறங்கிவிட்டது. “சார், இது வெளியில தெரிய வேண்டாம். உங்க கோப்பை இப்பவே மூடிடறேன். கையெழுத்து வேண்டாம், அபராதம் வேண்டாம். இந்தாங்க, எழுதிட்டேன்.” கோப்பின் மேல் ஒரே சொல் எழுதியிருந்தார்: ‘மன்னிக்கப்பட்டது.’

மருமகள் என் கையை மெல்ல அழுத்தினாள், போதும் மாமா என்பதுபோல். எனக்குப் போதவில்லை.

“யாரை மன்னிக்கறீங்க? செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிட்டுப் போனா, செஞ்சவன்னு அர்த்தம். அந்தச் சொல்லை அடிச்சுட்டு, ‘போலி அறிவிப்பு, குற்றம் இல்லை’ன்னு எழுதுங்க.”

“அப்படி எழுதினா நோட்டீஸ் தயார் பண்ணது தப்புன்னு ஆயிடுமே சார். எங்க மானம் என்னாகும்?”

“அதைத்தான் நானும் ரெண்டு மாசமா யோசிச்சிட்டு இருக்கேன்” என்றேன். “எங்க மானத்தைப் பத்தி.”

அவர் அந்தச் சொல்லை அடிக்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி வாசல் கம்பிக்கதவில் கட்டினேன். ‘இந்த வீட்டுக் கணினியில், ஆபாசப் படம் பார்த்ததாகக் குற்றம்சாட்டி ஒரு சிவப்புத் திரை வந்தது. நான் பார்த்தது முழங்கால். திரை போலி. பணம் கட்டவில்லை, மூடினேன். உங்களுக்கும் வந்தால் கட்டாதீர்கள், அந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள், வீட்டில் யாரிடமாவது உடனே சொல்லுங்கள். மூடத் தெரியாவிட்டால் மணி அடியுங்கள்.’ கீழே என் முழுப் பெயர், என் தகப்பனார் பெயர், பணி ஓய்வுக்கு முன் வகித்த பதவி.

மனைவி வாசலில் நின்று படித்தாள். “உங்க அப்பா பேரை வேற போட்டிருக்கீங்க.”

“மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லைன்னா எதுக்கு மறைக்கணும்?”

முதல் நாள் எல்லாரும் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் மணி அடித்தது. பக்கத்துத் தெருப் பல் மருத்துவர். செருப்பைக் கழற்றாமலே, “எங்க அண்ணனுக்கு வந்துச்சாம்” என்றார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததும் அண்ணன் அவரே ஆனார். அடுத்து மருந்துக்கடைக்காரர். பிறகு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் இரண்டு முறை பணம் கட்டியிருந்தார், இரண்டாம் முறை கெடுவுக்கு முன்பாகவே. எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “எனக்கு மட்டும்தான் வந்துச்சுன்னு நினைச்சேன்.” கூடத்தில் நாற்காலிகள் போதவில்லை. மருமகள் ஒவ்வொருவரையும் கணினி முன் உட்கார வைத்து அந்த மூன்று பொத்தான்களை அழுத்தச் சொன்னாள். தலைமையாசிரியை, தன்னிடம் படித்தவர்களைத் தட்டுவதுபோல் அதை ஓங்கித் தட்டினார். ஒன்பதாவதாக வந்தவர், வாசலில் நின்று இரு பக்கமும் பார்த்துவிட்டு நுழைந்த அலுவலக எழுத்தர்.

“எனக்கும் வந்துச்சு ஐயா” என்றார். “வரவு எண் போட்டுட்டேன்.”

போகும்போது பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, தலையைக் குனிந்தபடி நீட்டினார். “இது உங்களுக்கு. கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னாங்க.”

பிரித்தேன். ‘அனுமதியின்றி விழிப்புணர்வு ஏற்படுத்தியது குறித்து. வாசலில் உள்ள அட்டையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அகற்றி அபராதம் செலுத்தத் தவறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும். ஆணைப்படி.’

கூடத்தில் இருந்தவர்கள் நாற்காலிகளை அருகில் இழுத்துக்கொண்டார்கள். மருமகள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

“மாமா, இது நிஜமா, போலியா?”

சுவரொட்டியின் நான்கு அடையாளங்களையும் விரல்விட்டு எண்ணினேன். நான்கும் இருந்தன. தாளை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தேன். தட்டுகள் காலி. முள் இடப்பக்கம். இந்தத் தடவை பல்துலக்கியைத் தேடிப் போகவில்லை.

“நிஜந்தான்” என்றேன். “ஆனா வெறுந்தட்டுல சாயற தராசு செல்லாதும்மா. அதைத்தான் முப்பத்து நாலு வருஷம் சொல்லிட்டு வந்தேன்.”

அலமாரியிலிருந்த சிவப்பு மைப்புட்டியை எடுத்தேன். மை காய்ந்துவிடவில்லை. முத்திரைக்குக் குறுக்கே ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, கதவில் அட்டைக்குப் பக்கத்திலேயே கட்டினேன். தெருவில் போகிறவர்கள் நின்று இரண்டையும் படிக்கிறார்கள். அபராதம் இன்னும் கட்டவில்லை.